தாமதமாக வந்த சிவப்பு

“கம்ப்யூட்டரை அணைச்சதும் உள்ள இருக்கிறவங்கல்லாம் எங்கேப்பா போவாங்க?”

ஹர்ஷினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. தியாகராஜன் அப்போதுதான் கரக்பூரிலிருந்து ரயிலை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள் நுழைந்திருந்தார். சட்டைகூட மாற்றவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“எங்கேயும் போக மாட்டாங்கடா. ஸ்டேஷன்ல உட்கார்ந்திருப்பாங்க. நாம திரும்பி வந்து ஏத்திக்கிற வரைக்கும்.”

அந்தப் பதில் ஹர்ஷினிக்கு இன்று காலையில் ஞாபகம் வந்தது. அவள் எதிரே அவளுடைய கேமிங் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மேல் அப்பாவின் காசித் துண்டு போர்த்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் போர்த்தியது. இன்னும் யாரும் எடுக்கவில்லை.

உள்ளே இருக்கிறவர்கள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளியே போகாமல் கிடந்த தியாகராஜனுக்கு, ஹர்ஷினி தன் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். மனிதர் புதிதாகப் பிறந்ததுபோல் ஆனார். குளித்து, திருநீறு பூசி, சட்டை மாட்டிக்கொண்டுதான் அதன் முன் உட்காருவார். இன்ஜினில் செய்ததுபோலவே சிக்னலைக் கண்டதும் கையைத் தூக்கி உரக்கச் சொல்வார். “கிரீன்!” கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “கிரீன்!”

சமையலறையில் இருக்கும் அவர் மனைவி சகுந்தலாவுக்கு அது சுப்ரபாதம் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு “கிரீன்” கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு வாசகம் நின்றுகொண்டிருந்தது. சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டீர்கள். பயணம் முடிந்தது.

விளையாட்டுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தியாகராஜன் தன் சர்வீஸ் முழுவதும் ஒரு சிவப்பைக்கூடத் தாண்டாதவர். ரயில்வேயில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. கண் பரிசோதனையில் தேறாமல்தான் அவரை இன்ஜினிலிருந்து இறக்கி மேஜை வேலையில் உட்கார வைத்தார்கள். அது அவருக்கும் சகுந்தலாவுக்கும் ஹர்ஷினிக்கும் மட்டுமே தெரியும்.

“எனக்கு அது தெரியவே இல்லம்மா,” என்று மட்டும் அன்றைக்கு ஹர்ஷினியிடம் சொன்னார். “நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். வெறும் வானம்தான் இருந்தது. தாண்டின அப்புறம் சிவப்பு நிக்குது.”

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மூடினார். அதற்குப் பிறகு பேப்பரும் படிக்கவில்லை. கரியாஹாட்டில் கண் டாக்டரிடம் போகலாம் என்று சகுந்தலா சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

ஹர்ஷினிக்கு வேறு சந்தேகம் இருந்தது.

“அம்மா, தப்பு அப்பா கண்ணுல இல்ல. டிஸ்க்குல.”

“எந்த டிஸ்க்குடி?”

“உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கு. தட்டு சுத்தணும், ஊசி தேடணும், அப்புறம்தான் படம் வரும். வண்டி வேகமா போறப்போ அதால ஈடு கொடுக்க முடியல. மரம், வீடு, சிக்னல் எல்லாம் லேட்டா முளைக்குது. சிவப்பு அங்க வர்றதுக்குள்ள அப்பா தாண்டிட்டார்.”

சகுந்தலா அடுப்பைத் தணித்தாள். “அப்படின்னா உங்கப்பாகிட்ட சொல்லேன்.”

“சொன்னேனே. ‘என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே’ங்கிறார்.”

“அப்போ என்ன பண்ணணும்?”

“சுத்தாத டிஸ்க் ஒண்ணு வாங்கணும். எஸ்எஸ்டி. போட்டுட்டு அதே பாதையில அப்பா ஓட்டணும். சிவப்பு முன்னாடியே தெரிஞ்சுட்டா, கண்ணு சரி.”

“தெரியலேன்னா?”

ஹர்ஷினி பையை மாட்டிக்கொண்டாள்.

அவள் மனசில் இன்னொரு பாரமும் இருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை. அவளை ஆபீசில் சென்னைக்கு வரச் சொல்கிறார்கள். பெரிய வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். துண்டு போர்த்திய கம்ப்யூட்டரையும் சுவரைப் பார்க்கும் அப்பாவையும் விட்டுவிட்டு எப்படிப் போவது?

காளிகாட் மெட்ரோவுக்கு நடக்கும்போது வானம் முழுக்கப் பட்டங்கள். இன்று விஸ்வகர்மா பூஜை. இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இயந்திரத்துக்குப் பூ வைக்கும் நாள். கொல்கத்தாவின் மொட்டை மாடிகள் எல்லாம் நூலும் கூச்சலுமாக இருந்தன. ஒரு பட்டம் அறுந்து, மேகத்தின் ஓரமாகத் தலையாட்டிக்கொண்டே மிதந்து போயிற்று. மாடியிலிருந்து குரல்கள் எழுந்தன.

“போகாட்டா!”

பட்டத்தை அறுத்தவர்கள் போடும் வங்காளக் கூச்சல் அது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அதைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டு, ‘போகாட்டா என்னவாம்? மிச்சத்தையும் சொல்லித் தொலைங்களேன்’ என்று அங்கலாய்த்ததை வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்று ஹர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. போகாட்டா? நான் போகாட்டா என்ன ஆகும்?

*

சாந்தினி சௌக்கில் பாதிக் கடைகளில் வியாபாரம், பாதிக் கடைகளில் பூஜை. ஆமினாவின் அப்பா நடத்தும் கடையில் இரண்டுமே நடந்துகொண்டிருந்தன. ரிப்பேர் மேஜையை ஒதுக்கி, மெக்கானிக்குகள் விஸ்வகர்மாவை யானை மேல் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் ஸ்குரூ டிரைவர்களெல்லாம் சாமந்திப் பூ சூடிக் கிடந்தன. ஆமினா பூந்தித் தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஹர்ஷினியும் அவளும் கல்லூரித் தோழிகள். வங்காளத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

“வா வா. முதல்ல வாயைத் திற. அப்புறம் என்ன வேணும்னு சொல்லு.”

பூந்தியை மென்றுகொண்டே ஹர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். ஆமினா தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“காக்கு எப்படி இருக்கார், அதைச் சொல்லு.” ஹர்ஷினியின் அப்பாவை அவள் வங்காள வழக்கப்படி காக்கு, அதாவது சித்தப்பா, என்றுதான் சொல்வாள்.

“பேசறதே இல்ல.”

ஆமினா கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். அவற்றில் பெரியதைத் தானே ஒதுக்கினாள்.

“இது கேபிள்ல மாட்டறது. பழைய டிஸ்க்கை விட நல்லாவே ஓடும். ஆனா உன் போர்டுல சூயிங்கம் சைஸ் கார்டு மாட்டற இடம் இருக்கே, அதை எதுக்குச் சும்மா விடணும்? இந்த ரெண்டுல ஒண்ணு எடு.”

மீதி இரண்டில் ஒன்று பளபளவென்று இருந்தது. முதுகில் கறுப்பு உலோகத் தகடு. பெட்டியில் பெரிய பெரிய எண்கள்.

“இதையே கொடு,” என்றாள் ஹர்ஷினி. “இருக்கறதுலயே வேகமானது. அப்பாவுக்கு.”

“அது வேண்டாம்.”

“ஏன்?”

“உன் போர்டு பழசு. அது கொடுக்கிற வேகத்தை உன் போர்டு வாங்கிக்காது. இந்தச் சாதாரணது எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் அதுவும் ஓடும். தகடு வேற தடிமன், உன் கிராஃபிக்ஸ் கார்டு வந்து இடிக்கும்.”

ஹர்ஷினி சிரித்துவிட்டாள். “அப்பாவும் இதையேதான் சொல்வார். இன்ஜின் எவ்வளவு ஓடும்னு கேக்காதே, பாதை எவ்வளவு தாங்கும்னு கேளும்பார்.”

“பாரு, காக்குவே சொல்லிட்டார். ஆனா இடம் மட்டும் பெரிசா எடு. முழுக்க அடைச்சு வெச்சா இதுவும் மூச்சு வாங்கும். கொஞ்சம் காலியா விடணும்.”

விலை உயர்ந்ததை ஹர்ஷினியே கேட்டாள். விற்றிருக்கலாம். பூஜை நாள், முதல் வியாபாரம். ஆமினா அதைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இப்படிச் சின்னச் சின்ன நேர்மைகளில்தான் உலகம் விழாமல் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

“கரண்ட் போனாலும் இதுக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கும்ல?” என்று ஹர்ஷினி திடீரென்று கேட்டாள். அவளுக்கே தெரியும். இருந்தும் கேட்டாள்.

“இருக்கும். அசையாம, சத்தம் போடாம.” ஆமினா பெட்டியைப் பையில் போட்டு, மேலே ஒரு பூந்திப் பொட்டலத்தையும் வைத்தாள். “காக்கு சிவப்பைப் பார்த்ததும் எனக்கு ஃபோன் பண்ணு.”

*

அந்த நேரத்தில் லேக் மார்க்கெட் வீட்டில் மாஷிமா என்று எல்லோரும் கூப்பிடும் மேல்மாடி வங்காளி மாமி வந்து உட்கார்ந்திருந்தாள். பூஜைப் பிரசாதம் கொடுக்க வந்தவள், எட்டி உள்ளறையைப் பார்த்தாள். தியாகராஜன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“ராஜா மாதிரி ரயில் ஓட்டிக்கிட்டிருந்த மனுஷன். நீதானே சகுந்தலா சண்டை போட்டு இறக்கினே? ராத்திரி தனியா இருக்க பயம்னு. இப்ப பாரு.”

சகுந்தலா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஆமா மாஷிமா. நான்தான் இறக்கினேன்.”

“நல்ல வேலையைக் கெடுத்தே, போ.”

“என்ன பண்றது, அப்ப அவ்வளவுதான் புத்தி.”

இந்தப் பேச்சு இந்த வீட்டுக்குப் புதிதல்ல. கண் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி வந்த அன்று சகுந்தலா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்திலும், திருச்சியில் தங்கையிடமும், அவருடைய அண்ணன் தம்பிகளிடமும் ஒரே பதில்தான் சொல்லிவந்தாள். நான்தான் இறக்கினேன். சுயநலக்காரி என்று மாமியார் சொன்னதையும் வாங்கிக்கொண்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவரும் கேட்டதில்லை. நன்றி சொல்ல வாய் வராமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவருக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹர்ஷினி வந்ததும் பெட்டியை அம்மாவிடம் நீட்டினாள். “இதோ. சாப்பிட்டுட்டு மாட்டறேன்.”

“சாமிகிட்ட வைக்காமலா?”

“அம்மா, ஆயுத பூஜை இன்னும் வரலயே.”

“இந்த ஊர்ல இன்னிக்குத்தானே மிஷின் பூஜை? சாமிக்கு ஊர் கணக்கு ஒண்ணு, நம்ம கணக்கு ஒண்ணா? நீ போய்க் கை கால் அலம்பு.”

ஹர்ஷினி குளிக்கப் போனாள். சகுந்தலா பெட்டியைப் பிரித்து, அந்தச் சின்ன அட்டையைத் தாம்பாளத்தில் வைத்து முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுபோனாள். ஒரு விரல் நீளம்தான் இருந்தது. இதற்குள்ளா ஊரும் ஸ்டேஷனும் சிக்னலும் இருக்கப் போகின்றன? இவர் தூக்கமும் இதற்குள்தான் இருக்கிறதோ என்னவோ.

சந்தனத்தைக் குழைத்தாள். எங்கே பொட்டு வைப்பது என்று புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் எழுத்து ஒட்டியிருந்தது. கடைக்காரர் ஒட்டியது, அதைத் தொடக்கூடாது. ஓரத்தில் மட்டும் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் மாதிரி மின்னியது. தங்கம் இருக்கிற இடம்தான் லட்சுமி இருக்கிற இடம் என்று நினைத்து, அங்கே பட்டும் படாமலும் ஒரு தீற்றுத் தீற்றினாள்.

குங்குமச் சிமிழைத் திறந்தவள் மறுபடி மூடினாள். இன்றைக்குச் சிவப்பு வேண்டாம். இந்த வீட்டில் சிவப்பால் பட்டது போதும்.

கற்பூரம் காட்டினாள். “முருகா, அவர் கண்ணுல தப்பு இல்லைன்னு ஆக்கிடு,” என்று வாய்விட்டே சொன்னாள். சந்தனம் காய்ந்ததும் பத்திரமாகப் பெட்டியில் போட்டு மூடினாள்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு ஹர்ஷினி துண்டை எடுத்து மடித்தாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, கார்டைச் சாய்வாகச் செருகி அழுத்திப் பிடித்தாள்.

“அப்பா, கொஞ்சம் வாங்களேன். கடைசித் திருகை நீங்க போடுங்க.”

“எனக்கெதுக்கும்மா?”

“என் ரெண்டு கையும் இதுல இருக்கு. வாங்கப்பா.”

அவர் மெதுவாக எழுந்து வந்தார். கடுகு போன்ற திருகு. முதல் முயற்சியிலேயே திருகு அதன் இடத்தில் உட்கார்ந்தது. சகுந்தலா வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹர்ஷினி பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. திரை விழித்தது.

“இதோ, இந்த இடத்துலதான் புது டிரைவோட பேர் வரணும்.”

அந்த இடம் காலியாக இருந்தது.

அணைத்துப் போட்டாள். காலி. இன்னொரு முறை அணைத்துப் போட்டாள். அப்போதும் காலி. ஹர்ஷினியின் காதோரம் வியர்த்தது.

“விடும்மா,” என்றார் தியாகராஜன். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “டிஸ்க் என்ன பண்ணும் பாவம். நமக்குத் தெரியலேன்னா தெரியலதான்.”

“இருங்கப்பா. ஆமினாகிட்ட கேக்கறேன்.”

வீட்டுக்குள் செல்ஃபோன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூ வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். உண்மையில் அவளுக்குப் பூ வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

மாடியில், ஃபோனில் ஆமினாவின் குரல் கேட்டது. “பயப்படாதே. கழற்றி மறுபடி மாட்டிப் பாரு. சில நேரம் முழுசா உட்காராது. ஆமா, சென்னைக்கு என்ன பதில் சொன்னே?”

“இன்னும் சொல்லல.”

“வீட்ல?”

“அதுவும் சொல்லல.”

பக்கத்து மாடியில் ஒரு பட்டம் அறுந்தது. “போகாட்டா!” என்று ஊரே கத்தியது.

*

கீழே தியாகராஜன் தனியாக இருந்தார்.

படுக்கத்தான் நினைத்தார். ஆனால் திறந்து கிடக்கும் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர் கை பழகியதில்லை. மின்சாரத்தை அணைத்தார். தான் போட்ட திருகைத் தானே கழற்றினார். கார்டு லேசாக நிமிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

புரட்டாசி பிறக்கிற நாளின் வெயில், மழையில் கழுவின வெயில், சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பட்டங்களின் நிழல்கள் எதிர்ச் சுவரில் மீன்கள் மாதிரி நீந்தின. அவர் கார்டை வெளிச்சத்தில் சாய்த்தார். தங்கப் பற்கள் மின்னின.

எல்லாம் மின்னவில்லை.

நடுவில் சில பற்கள் மட்டும் அதே தங்க நிறத்தில், ஆனால் மின்னாமல் இருந்தன. மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம். இளைய கண் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

சந்தனம்.

தியாகராஜன் அப்படியே நின்றார். இன்ஜினில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு சின்ன டப்பாவில் சந்தனம் கொடுத்தனுப்பியவள். வண்டியை ஓட்டும் கைப்பிடியில் வைக்கச் சொல்வாள். இவர் தூக்கத்தில் “கிரீன்” என்று முனகினால், தூக்கத்திலேயே “கிரீன்” என்று பதில் சொல்லி இவரை நிம்மதியாகத் தூங்க வைத்தவள். கண் போன அன்று பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டவள்.

இது தெரிந்தால் என்ன ஆவாள்? ‘நான்தான் கெடுத்தேன், சாமி பேரைச் சொல்லி நானே கெடுத்தேன்’ என்று மூன்று நாள் சாப்பிட மாட்டாள்.

ஹர்ஷினியின் பேனாக் குவளையில் ஒரு ரப்பர் இருந்தது. பென்சில் அழிக்கிற சாதாரண வெள்ளை ரப்பர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் நகத்தைச் சுத்தம் செய்கிறவர்போலப் பல் பல்லாகத் தேய்த்தார். இரண்டு பக்கமும் தேய்த்தார். வாயால் ஊதாமல், துணியின் மெல்லிய ஓரத்தால் தூளைத் தட்டினார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எல்லாப் பற்களும் மின்னின.

செருகினார். திருகைப் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

ஹர்ஷினி காட்டிய அதே இடத்தில், ஒரு புதுப் பெயர் வந்து நின்றது.

ரப்பரின் முனை மஞ்சளாகியிருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

“அப்பா! எப்படிப்பா வந்தது?” ஹர்ஷினி மாடியிலிருந்து இறங்கி வந்து திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பூவோடு படியேறி வந்த சகுந்தலாவும் ஓடிவந்தாள். “வந்துடுச்சா? என்னங்க ஆச்சு?”

தியாகராஜன் தலையைச் சொறிந்தார்.

“நான்தான் திருகைச் சரியாப் போடல. கார்டு முழுசா உள்ள போறதுக்கு முன்னாலயே முறுக்கிட்டேன் போல. கழட்டி மாட்டினேன், சரியாயிடுச்சு.”

சகுந்தலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

“நல்லா இருக்கு! ஒரு கடுகுத் திருகு போடத் தெரியல, இவர் நாடு பூரா ரயில் ஓட்டினாராம்! நான் பாவி, நடு ரோட்ல முருகனைத் திட்டிக்கிட்டே போறேன்.”

“திருகு சின்னதுடி.”

“திருகு சின்னதுதான். உங்க பவுஷுதான் பெரிசு. ஹர்ஷினி, இனிமே இவர்கிட்ட எதையும் கொடுக்காதே.”

“ஆமினாவும் அதையேதான் சொன்னாம்மா, முழுசா உட்கார்ந்திருக்காதுன்னு,” என்று ஹர்ஷினியும் சேர்ந்துகொண்டாள். “அப்பா, உங்க மேல சார்ஜ் ஷீட் போடணும்.”

“போடு, போடு,” என்றார் அவர். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. பெண்கள் இருவரும் அதைத்தான் பார்த்தார்கள். எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ரயில் விளையாட்டைப் புது டிரைவுக்கு மாற்றி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டது. தியாகராஜன் முகம் கழுவி, திருநீறு பூசி, வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதே பாதை. அதே வண்டி.

கிளம்பியதிலிருந்தே ஏதோ மாறியிருந்தது. பழைய டிஸ்க்கின் கரகரப்பு இல்லை. கனவில் போவதுபோல வண்டி சத்தமில்லாமல் நழுவியது. குளங்கள், பனைமரங்கள், ஆளுயரத்துக்கு வெள்ளையாகப் பூத்த காஷ் புல் எல்லாம் தூரத்திலிருந்தே வந்தன. எதுவும் திடீரென்று முளைக்கவில்லை. ஜன்னல் வழியே வந்த அந்தி வெளிச்சமும் திரையில் இருந்த அந்தி வெளிச்சமும் ஒன்றோடொன்று கலந்து, அறையே ஒரு ரயில் பெட்டி மாதிரி லேசாக ஆடுவதாக ஹர்ஷினிக்குத் தோன்றியது.

“கிரீன்!” அவர் கை உயர்ந்தது.

பின்னாலிருந்து சகுந்தலா, யாரும் சொல்லாமலே, “கிரீன்!” என்றாள். இன்ஜினில் துணை ஓட்டுநர் திருப்பிச் சொல்வதுபோல.

வளைவு வந்தது. அன்றைக்கு வெறும் வானமாக இருந்த இடம். ஹர்ஷினி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தியாகராஜன் கண்ணைச் சிமிட்டவில்லை.

வளைவு திறந்தது. வெகு தூரத்தில், வெள்ளைப் பூக்களுக்கு மேலே, ஒரு சின்னப் புள்ளி. முருகன் படத்தில் வைக்கும் குங்குமம் அளவுக்கு.

“ரெட்!”

“ரெட்!” என்றாள் சகுந்தலா.

வண்டி மெதுவாகி, மெதுவாகி, சிக்னலுக்கு வெகு முன்னாலேயே, ஒரு பெருமூச்சோடு நின்றது. சிவப்பு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் மூவரும் ஒரு தீபத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சகுந்தலா,” என்றார் அவர் திரும்பாமலே. “நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போயிட்டு வருவோம். கண்ணாடியாவது மாத்தணும். இப்ப பயம் இல்ல.”

ஹர்ஷினி வாயைத் திறந்தாள். சென்னை என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. அப்பாவின் முதுகு நிமிர்ந்திருப்பதைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தாள். இந்தச் சிவப்பு பச்சையாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆமினாவுக்கு ஃபோன் செய்ய மட்டும் எழுந்து போனாள்.

*

சகுந்தலா கூடத்தில் லேண்ட்லைனில் திருச்சித் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள். “ஒரு திருகுடி! கடுகு சைஸ்! அதைப் போடத் தெரியாம நாள் பூரா எங்களை அழவிட்டார் உங்க அத்திம்பேர்!” அவள் சிரிப்பு பால்கனி வரை வந்தது.

தியாகராஜன் பால்கனியில் நின்றார். பட்டங்கள் வீடு திரும்பிவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும், யாரும் இறக்காமல், இருட்டத் தொடங்கிய வானத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். அதன் மஞ்சள் முனையைக் கைப்பிடிச் சுவரின் சிமெண்டில், வெள்ளை தெரியும் வரை தேய்த்தார். தூள் காற்றில் போயிற்று. உள்ளே வந்து ரப்பரைப் பேனாக் குவளையில், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

விரல் நுனியில் மட்டும் அந்த மணம் போகவில்லை. அவர் அந்த விரலை எடுத்து நெற்றியில், திருநீற்றுக்கு நடுவே, ஒருமுறை ஒற்றிக்கொண்டார்.

கூடத்தில் சகுந்தலா தங்கையிடம் திருகுக் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.